கட்டுபெத்தை வளாகம் யாருக்காக எழுந்தது?

நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் ஆண்டுவிழா மலர்களிலேயே எழுதப்படுகின்றது. விழா மலரில் இழப்புக்கு இடமில்லை. ஆதலால் அங்கு இடம்பெறும் வரலாறு எப்பொழுதும் ஏறுமுகமாகவே அமைந்துவிடுகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தோற்றம் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவரும் கதையும் இத்தகையதே. 1893இல் கொழும்பு மருதானையில் அரசினர் தொழினுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. அது பின்னர் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியாயிற்று. 1960இல் கட்டுபெத்தையில் செய்முறைத் தொழினுட்ப நிறுவகம் எழுந்தது. 1966இல் அவ்விடத்திலேயே இலங்கைத் தொழினுட்பவியற் கல்லூரி உருவாயிற்று. 1972இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாயிற்று. 1978இன் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ்த் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. படிக்குமேற் படி, ஏற்றத்தின்மேல் ஏற்றம். இக்கதையில் வரும் ஆண்டுகள் யாவும் சரியானவை. பிழை, அவ்வாண்டுகளை ஒன்றோடொன்று தொடுக்கும் ‘வளர்ச்சி’ என்ற சொல்லில் இருக்கின்றது.

அச்சொல்லின் பிழையை உணர விரும்புவோர் ஒருமுறை ரிவர்ஸ்டனுக்குச் சென்று வரலாம். பல்கலைக்கழக மாணவர் கூட்டங் கூட்டமாகச் செல்லும் இடந்தான் அது. மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக மலையேறும் வீதி, தேயிலையையும் ஏலக்காட்டையும் கடந்து, நக்கிள்ஸ் தொடரின் முதுகில் மூச்சு வாங்கி நிற்கும் இடம். ஒருபுறம் ஈரக் காடு. மறுபுறம் லக்கலைப் பக்கமாக இறங்கும் உலர்ந்த பதனை. ஆளைத் தள்ளும் காற்று. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரமொன்று பாதி நாளும் முகிலுக்குள் மறைந்து நிற்கின்றது. மாணவர் அதன் அடிவரை நடந்து சென்று படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். அக்கோபுரத்தை வரைபடத்தில் அமைத்தவர் ஒரு பொறியியலாளர் என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் அது நின்று நிலைப்பது வரைபடத்தால் மட்டுமன்று. இடியும் மழையும் காற்றும் மாறி மாறித் தாக்கும் அம்முகட்டில், திருகாணி துருப்பிடித்ததா, கம்பி தளர்ந்ததா, மின்னோட்டம் ஒழுங்காக வருகின்றதா என்று பார்ப்பதற்கு இன்னொரு மனிதன் வேண்டும். அவன் வரைபடத்தையும் வாசிக்க அறிந்தவன்; கருவியையும் பிடிக்க அறிந்தவன். பொறியியலாளனுக்கும் கூலியாளுக்கும் இடையில் நிற்கும் இம்மனிதனுக்குத் தமிழில் இன்றுவரை ஒரு நிலையான பெயர்கூட அமையவில்லை. தொழினுட்பவியலாளன் என்கின்றனர் சிலர். தொழினுட்ப உத்தியோகத்தர் என்கின்றனர் சிலர். ஊர்வழக்கில் அவன் ‘மெக்கானிக்’. பெயர் அமையாமைக்குக் காரணம் மொழியின் வறுமையன்று. அவனைக் கணக்கில் எடுக்காத சமுதாயத்தின் பார்வையே காரணம்.

கட்டுபெத்தை வளாகம் எழுந்தது இந்த மனிதனுக்காகத்தான் என்பதே இங்கு வற்புறுத்தப்பட வேண்டிய செய்தி. அதைவிட முக்கியமான செய்தி, அவன் இன்று அவ்வளாகத்தில் இல்லை என்பது.

வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குவோர்க்கு இது விளங்கும். மருதானையில் 1893இல் தொடங்கிய பாடசாலை ஆங்கிலேயர் ஆட்சியின் தேவைக்காகத் தோன்றியது. வீதியும் பாலமும் புகையிரதப் பாதையும் நீர்ப்பாசன வேலைகளும் நாடெங்கும் பெருகியபோது, அவற்றை மேற்பார்வை செய்யவும் அளந்து வரையவும் இடைநிலை ஊழியர் வேண்டப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து ஒவ்வொருவரையும் கப்பலேற்றிக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. ஆகவே இங்கேயே பயிற்றினர். இதில் ஆட்சியாளரின் பெருந்தன்மை எதனையும் காண்பதற்கில்லை. கணக்கு மட்டுமே உண்டு. எனினும் கணக்கிலிருந்து பிறந்த அப்பாடசாலை தன் பணி இன்னதென்பதை அறிந்திருந்தது. காலப்போக்கில் அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியற் பட்டத்துக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தன் பொறியியற் பீடத்தை நிறுவியபோது, பட்டப்படிப்பு பல்கலைக்கழகத்துக்குரியதாயிற்று. அப்பீடம் 1960களின் நடுப்பகுதியிற் பேராதனைக்கு, மகாவலிக் கரைக்குப் பெயர்ந்தது. மருதானைக்கு எஞ்சியது பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட கல்வி. இந்த முதற் பிரிவினையிலேயே ஒரு மனப்பாங்கு வேர்விட்டது: மேலே போவது பல்கலைக்கழகம், எஞ்சுவது கல்லூரி.

சுதந்திரத்துக்குப் பின்னர் நாட்டின் நிலை மாறியது. கூட்டுத்தாபனங்களும் தொழிற்சாலைகளும் அணைக்கட்டுகளும் பெருகின. பொறியியலாளர் ஓரளவு கிடைத்தனர்; அவர்தம் திட்டங்களை நிலத்தில் நடத்திக் காட்டுவதற்கு ஆளில்லை. கல்லோயாத் திட்டப் பிரதேசத்தில், அம்பாறையில், ஹார்டி தொழினுட்ப நிறுவனம் 1956இல் தோன்றியதும் இத்தேவையின் விளைவே. 1960இல் கனடா நாட்டின் உதவியுடன் கட்டுபெத்தையில் அமைந்த நிறுவகத்துக்கு இடப்பட்ட பெயரே அதன் நோக்கத்தைப் பறைசாற்றுகின்றது: செய்முறைத் தொழினுட்ப நிறுவகம். ‘செய்முறை’ என்னும் சொல் அங்கு அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் எதனைச் செய்யவில்லையோ அதனைச் செய்வதற்கென்றே பொல்கொடை ஏரியோரத்தில் நிலம் எடுக்கப்பட்டது, வேலைத்தளங்கள் கட்டப்பட்டன, பிறநாட்டு உதவி பெறப்பட்டது.

ஆறு ஆண்டுகள். ஒரு தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு எடுக்கும் காலம். அதற்குள் பெயர்ப்பலகை மாறியது. 1966இல் இலங்கைத் தொழினுட்பவியற் கல்லூரி என்ற பெயருடன் பட்டத்துக்கு நிகரான கல்வி அங்கு புகுந்தது. மேலும் ஆறு ஆண்டுகளில், 1972இல், அது பல்கலைக்கழக வளாகம். இன்னும் ஆறு ஆண்டுகளில், 1978இல், பல்கலைக்கழகம். வேறெந்த நாட்டிலும் ஒரு நிறுவனம் தன் பிறப்பின் நோக்கத்திலிருந்து இத்துணை ஒழுங்கான கால இடைவெளிகளில் விலகிச் சென்றிருக்குமா என்பது ஐயமே. தொழினுட்பவியலாளருக்கான கல்வி முற்றாக ஒழிக்கப்படவில்லை என்பது உண்மை. தேசியத் தொழினுட்ப டிப்ளோமா என்னும் மூன்றாண்டுப் பயிற்சி, ஈராண்டு படிப்பும் ஓராண்டு தொழிலகப் பயிற்சியுமாக, அவ்வளாகத்திலேயே தொடர்ந்தது. ஆனால் வீட்டுக்காரன் திண்ணைக்கு வந்துவிட்டான். 2000இல் அந்த டிப்ளோமாவுக்கெனப் பல்கலைக்கழகத்தின் கீழேயே தனி நிறுவகம் அமைக்கப்பட்டது. பின்னர் அது ஹோமாகமைப் பக்கம் தியகமைக்கு அனுப்பப்பட்டது. யாருக்காக 1960இல் அவ்வளாகம் கட்டப்பட்டதோ, அவன் திண்ணையிலிருந்தும் இறங்கிவிட்டான். புதிய இடத்தில் வசதிகள் கூடுதலாக இருக்கலாம். அது வேறு விடயம். விழா மலர்கள் இதனையும் ‘விரிவாக்கம்’ என்றே எழுதும்.

இங்கு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. இவை யாவும் நடந்தேறிய இடம் மொறட்டுவை. இலங்கையில் தச்சுத்தொழில் என்றவுடன் எவர் வாயிலும் முதலில் வரும் ஊர் அது. தலைமுறை தலைமுறையாக உளியும் வாளும் பிடித்த கைகளின் ஊர். அவ்வூரின் நடுவே எழுந்த நிறுவகம் அவ்வூரின் அறிவைத் தனக்குள் அழைத்துக்கொள்ள வேண்டிய கடமையை ஒருபொழுதும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மதிலுக்கு வெளியே மரத்தின் குணம் அறிந்தவர்கள்; மதிலுக்கு உள்ளே மரத்தின் வலிமையைக் கணக்கிடும் சூத்திரங்கள். இரண்டுக்கும் இடையே வாயிற்காவலர்.

இதே சுற்றாடலில் இன்னொரு நிறுவனமும் உண்டு. இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய மறு ஆண்டு, 1959இல், அதன் பேருந்துகளைப் பராமரிக்க ஆள்பயிற்றுவதற்காக ஜேர்மன் நாட்டின் உதவியுடன் வெரஹெரையில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் காலி வீதிக்கு, மொறட்டுவைக்கு அண்மையில் இடம்பெயர்ந்த ‘ஜேர்மன் ரெக்’. கட்டுபெத்தைக்கு ஓராண்டு மூத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பல்கலைக்கழகமாகவில்லை. மெக்கானிக்கைப் பயிற்றத் தொடங்கியது. இன்றும் தொழிலாளனைப் பயிற்றுகின்றது. அங்கு பயின்றவன் வேலையின்றி அலைவதாக எவரும் முறையிடுவதில்லை. ஆயினும் எந்த விழா மேடையிலும் கட்டுபெத்தைக்குச் சூட்டப்படும் ‘வளர்ச்சி’ மாலை இதற்குச் சூட்டப்படுவதில்லை. தன் பணியைக் கைவிட்ட நிறுவனம் வளர்ந்தது. பணியைக் காத்த நிறுவனம் அப்படியே நின்றுவிட்டது. இதுவே இந்நாட்டுக் கல்வியுலகின் அளவுகோல்.

தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கப்படலாம். நிரம்ப உண்டு.

கட்டுபெத்தை என்ற பெயர் தமிழர் வரலாற்றில் ஆறாத புண்ணோடு சேர்ந்தது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழிமூல மாணவன் பெறவேண்டிய குறைந்த புள்ளி 227. தமிழ்மொழிமூல மாணவனுக்கு 250. கட்டுபெத்தைக்குச் சிங்களமொழிமூலம் 212, தமிழ்மொழிமூலம் 232. ஒரே பரீட்சை, ஒரே பாடம். எழுதிய மொழி மட்டும் வேறு. இவ்வநீதிக்கு எந்தச் சமாதானமும் போதாது. இதன்பின் மாவட்டவாரியான ஒதுக்கீடும் வந்தது. தமிழ் மாணவர் உள்ளத்தில் அன்று மூண்ட தீ எங்கு சென்று முடிந்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நான்கு எண்களை மீண்டும் ஒருமுறை உற்று நோக்குவது நன்று. தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான இடைவெளியை எல்லோரும் கண்டனர். பேராதனைக்கும் கட்டுபெத்தைக்கும் இடையிலான இடைவெளியை எவரும் காணவில்லை. இரு மொழியாருக்குமே கட்டுபெத்தையின் புள்ளி பேராதனையினதைவிடக் குறைவு. அதாவது, செய்முறைக்கெனத் தனிவழி வகுத்துத் தோன்றிய நிறுவகம் பதினொரு ஆண்டுகளுள் அதே ஏணியின் இரண்டாம் படியாகிவிட்டது. பேராதனை கிடைக்காதவன் செல்லுமிடம் என்பதே அதன் புதிய வரைவிலக்கணம். நுழைவாயிலில் நின்றது உயர்தரப் பரீட்சையின் மொத்தப் புள்ளி. அரம் பிடித்தறியாத கையை அப்புள்ளி தடுக்காது. அரம் பிடித்தே வளர்ந்த கையை அது உள்ளே விடாது. தரப்படுத்தல் ஒரு மொழியினருக்குக் கதவை அடைத்தது. ‘தரமுயர்த்தல்’ ஒரு வகுப்பினர்க்கே கதவை அடைத்தது. முன்னதற்கு எதிராகத் தமிழ் மாணவர் வீதிக்கு வந்தனர். பின்னதற்கு எதிராக ஒரு துண்டுப் பிரசுரமேனும் எழவில்லை.

ஏன் எழவில்லை? தமிழர் சமுதாயம் தன் இழப்பை எண்ணியபோது இழந்த பொறியியலாளரையும் இழந்த வைத்தியரையும் மாத்திரமே எண்ணிற்று. இழந்த தொழினுட்பவியலாளரை எண்ணவில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் கனவில் மகன் எஞ்சினியர், அன்றேல் டொக்டர், இரண்டும் வாய்க்காவிடில் கிளறிக்கல் உத்தியோகம். கடைச்சல் இயந்திரத்தின் முன் நிற்கும் மகன் எவர் கனவிலும் வந்ததில்லை. இது வெறும் உத்தியோக மோகமன்று. கையால் உழைப்பவனைச் சாதியால் எல்லைகட்டி வைத்த சமுதாயத்தின் நீண்ட நிழல் அது. கொல்லனும் தச்சனும் கன்னானும் இல்லாமற் கோயிலில்லை, தேரில்லை, கலப்பையில்லை. ஆனால் தேர் வெள்ளோட்டத்தன்று மாலை மரியாதை யாருக்குப் போகின்றது என்பது ஊரறிந்தது. இவ்விடயத்திற் பழைய மன்னர்கள் இக்காலக் கல்விமான்களைவிட மேலானவர்கள். தஞ்சைப் பெருங்கோயிலை எழுப்பிய தலைமைச் சிற்பியின் பெயர் அக்கோயிற் கல்வெட்டிலே ‘குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. அரசன் தன் பெயரையே தச்சனுக்குப் பட்டமாக ஈந்தான். பட்டமளிப்பு விழாக்களில் நீண்ட அங்கியுடன் நிற்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழிலே தொழினுட்பக் கல்வி இயலாது என்ற வாதமும் இம்மனப்பாங்கின் மறுபக்கமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களைத் தமிழில் ஆக்கினார். சுதந்திரத்தின் பின்னர் இலங்கை அரசாங்கமே துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. மருத்துவத்தைத் தாங்கிய மொழி, கடைச்சல் இயந்திரத்தைத் தாங்காதா? இயலாமை மொழியினதன்று. தமிழிற் பயின்று தமிழிற் பணிபுரியக்கூடிய தொழினுட்பவியலாளன் ஒருவன் தேவையென எவரும் கருதாமையே இயலாமையாகக் காட்டப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இவ்வழக்கு ஒருமுறை விசாரணைக்கு வந்ததுண்டு. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொலிடெக்னிக்கையும் பொறியியற் கல்லூரியையும் தோற்றுவித்தார். பள்ளிப்படிப்பைத் தாண்டாத அவர் வேலைத்தளத்திலேயே பொறிநுட்பம் கற்றவர். பொறியியலுக்கு நான்காண்டுகள் வேண்டியதில்லை, முறையாகக் கற்பித்தால் ஈராண்டிற் கற்பிக்கலாம் என்றார். அரசாங்கம் இணங்கவில்லை; அவர் விலகினார். அவர் சொன்ன ஆண்டுக்கணக்கு சரியா பிழையா என்பது வேறு. கல்வியின் காலத்தையும் முறையையும் தொழில் தீர்மானிக்க வேண்டுமா, பட்டம் தீர்மானிக்க வேண்டுமா என்பதே அவர் எழுப்பிய வினா. நான்காண்டுப் பட்டம் வென்றது. வினா அப்படியே கிடக்கின்றது.

இனி எதிர்வாதங்களை நோக்கல் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நாட்டுக்கும் உலகுக்கும் தந்த பொறியியலாளரையும் கட்டடக் கலைஞரையும் கணினி வல்லுநரையும் மறுக்கமுடியுமா என்பர். மறுக்கமுடியாது, மறுக்கவேண்டிய தேவையுமில்லை. தமிழ் மாணவரும் அங்கு கற்றுச் சிறந்தனர். பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. வேண்டியிருந்தால் அதனைப் புதிதாகக் கட்டியிருத்தல் வேண்டும். ஒருவனின் வீட்டை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, வீடு உயர்ந்துவிட்டது என்று பேசுவதே குற்றம்.

உலகெங்கும் இதுவே நடந்தது என்பர். இங்கிலாந்தில் 1992இன் சட்டம் பொலிடெக்னிக்குகளைப் பல்கலைக்கழகங்களாக்கியது உண்மை. ஆனால் உலகம் இங்கிலாந்தோடு முடிந்துவிடவில்லை. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளலாம், அங்கு தமிழும் ஆட்சிமொழி. 1954இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர்ப் பொலிடெக்னிக்கிலும் கட்டுபெத்தையைப் போலவே பட்டக்கல்வி புகுந்தது. 1969 அளவில் அந்நாடு என்ன செய்தது? பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல் ஆகிய பட்டத்துறைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றது. பொலிடெக்னிக்கைத் தொழினுட்பவியலாளருக்கே விட்டுவைத்தது. பின்னர் அதைப்போல மேலும் நான்கை நிறுவியது. அதே காலத்தில் இங்கு அதற்கு நேர்மாறானது நடந்தது. இரண்டு தீவுகள், இரண்டுக்கும் ஒரே காலத்தில் ஒரே கேள்வி, விடைகள் எதிரெதிர். சிங்கப்பூரின் செல்வத்துக்குப் பல காரணங்கள் உண்டு, இது ஒன்றினாலன்று. ஆயினும் ‘இது தவிர்க்கமுடியாதது’ என்ற வாதத்தை அத்தீவு தவிடுபொடியாக்குகின்றது.

வலிமையான வாதம் வேறொன்று. எளியவரின் பிள்ளைகளைத் தொழினுட்பவியலாளராயிருங்கள் என்று சொல்லிவிட்டு, வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைப் பொறியியலாளராக்குவர். ஆகவே பட்டத்தை எல்லோருக்கும் திறப்பதே சமத்துவம் என்பது அவ்வாதம். இதனை எளிதிற் புறந்தள்ளமுடியாது. டிப்ளோமா பெற்றவனுக்கு மேலே செல்லும் வழி அடைபட்டிருக்கும்வரை, அவன் ஊதியமும் மதிப்பும் தாழ்ந்திருக்கும்வரை, பட்டத்தைக் கேட்டு நிற்பது அவன் குற்றமன்று. 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி, தமது உயர் தேசியக் கணக்கியல் டிப்ளோமாவுக்குப் பட்டத்துக்கு நிகரான தகுதி கேட்டுக் கொழும்பிற் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முன்னே கூடிய மாணவர் பொலிசாரின் குண்டாந்தடிக்கு இலக்காயினர். அவர்கள் கேட்டது ஆடம்பரமன்று. கற்ற கல்விக்கு ஒரு விலை. ஆனால் அவ்விலையை அரசு எவ்வாறு கொடுத்து வந்திருக்கின்றது? பெயர்ப்பலகையை மாற்றிக் கொடுத்து வந்திருக்கின்றது. இரத்மலானையில் தொழினுட்ப ஆசிரியரைப் பயிற்றிவந்த நிறுவனம், 2008இன் 31ஆம் இலக்கச் சட்டத்தினாற் பல்கலைக்கழகமாயிற்று. 2013இல் உயர்தரத்திற் தொழினுட்பத் துறை புகுத்தப்பட்டது. கைத்திறன் உள்ள மாணவருக்கு இதோ ஒரு வழி என்று அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவ்வழியும் பல்கலைக்கழகத் தொழினுட்பப் பீடங்களிற் பட்டமாகச் சென்று முடிந்தது. கட்டுபெத்தைக் கதை இன்னும் ஓயவில்லை. கட்டடங்களும் ஆண்டுகளுமே மாறுகின்றன. பட்டதாரியின் எண்ணிக்கை ஏறுகின்றது. வேலையற்ற பட்டதாரிகளின் ஊர்வலமும் நீள்கின்றது. ஒரு நீர்ப்பம்பியைத் திருத்துவதற்கு ஊர் முழுவதும் ஒருவனைத் தேடி அலைகின்றது.

சமத்துவம் என்பது எல்லோரையும் ஒரே ஏணியில் ஏற்றுவதன்று. ஏணியின் அடியில் நிற்பவன் கால்வைக்க முதற்படி வேண்டும். அம்முதற்படி எங்கே இல்லை என்பதற்கு மீண்டும் ரிவர்ஸ்டன் வீதியின் கீழ்ப்பகுதிக்கே வரலாம். இறத்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள் கற்கும் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிருவாகத்தின் தயவில் நின்றவை. மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மலையகத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு ஒழுங்காக நடைபெறும் தமிழ்ப் பாடசாலை இன்றும் அரிது. அத்தகைய பிள்ளைக்குக் கட்டுபெத்தைப் பல்கலைக்கழகம் வானத்து மீன். ஆனால் 1960இன் கட்டுபெத்தை, அந்தப் பழைய செய்முறை நிறுவகம், கைக்கெட்டக்கூடியது. அதைப்போன்ற ஒன்று தமிழ்மொழி மூலம், விடுதி வசதியுடன் மாத்தளையிலோ பதுளையிலோ நுவரெலியாவிலோ அமைந்திருந்தால், அத்தோட்டத்துப் பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்தை இயக்கும் கூலியாக அன்றி அதனைப் பொறுப்பேற்றுத் திருத்தும் தொழினுட்பவியலாளனாக நின்றிருப்பான். தன் லயத்துக்கு மேலே, முகிலுக்குள் தெரியும் அக்கோபுரத்தைக் காக்கும் உரிமையும் அவனுக்கு உண்டாகியிருக்கும். தரப்படுத்தலுக்காகக் கொதித்த தமிழ் அறிவாளர் வர்க்கம் இதற்காக எத்தனை தீர்மானம் நிறைவேற்றிற்று? இக்கேள்வி கசப்பானது. எனினும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கூட்டங்களிலேதான் இது முதலிற் கேட்கப்படல் வேண்டும். மலையகத்து மாணவர் அச்சங்கங்களில் எண்ணிக்கையிற் சிலர் என்பதும், அச்சிலருள்ளும் பொறியியற் பீடத்தார் மிகச் சிலர் என்பதும் அங்கு எவருக்கும் தெரியாததன்று.

வடக்கின் நிலை இன்று ஒரு முச்சந்தியில் நிற்கின்றது. பல்லாண்டுக் காலம் பேசப்பட்டும் பின்னிடப்பட்டும் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 2014இற் கிளிநொச்சி அறிவியல் நகரிலே கற்பித்தலைத் தொடங்கியது. 2016இல் அதே அறிவியல் நகரிலே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் திறக்கப்பட்டது. தொழினுட்பத் தொழில்களை அது பயிற்றுகின்றது. போரில் எரிந்த மண்ணில் இவ்விரண்டும் அருகருகே அமைந்தமை தற்செயலாகக் கிடைத்த பெருவாய்ப்பு. பேராதனைக்கும் கட்டுபெத்தைக்கும் வாய்க்காத அயல் இது. பொறியியற் பீட மாணவன் தன் முதலாண்டில் அயல் வேலைத்தளத்திற் கைபழகலாம். பயிற்சி நிறுவகத்தின் திறமைமிக்க மாணவன் சில ஆண்டு தொழிலனுபவத்தின் பின் பீடத்தின் வகுப்பறைக்குள் நுழையலாம். இருசாராரும் ஒரே கலைச்சொல்லைப் பயன்படுத்தலாம். இவற்றுக்குப் புதிய சட்டமோ பிறநாட்டுக் கடனோ வேண்டியதில்லை. செனற் சபையின் ஒரு தீர்மானம் போதும்.

மறுபுறத்தில், இன்னும் பத்தாண்டில் அப்பயிற்சி நிறுவகத்தையும் ‘தரமுயர்த்தி’ப் பட்டம் வழங்கும் நிறுவனமாக்க வேண்டுமென எவரேனும் மேடையில் முழங்கக்கூடும். அன்று கைதட்டல் எழும். தமிழ்ப் பிரதிநிதிகளும் அதனைத் தம் சாதனையாகவே எண்ணுவர். அந்தக் கைதட்டலுக்கு முன்னர், கட்டுபெத்தையில் 1960இல் நாட்டப்பட்ட அடிக்கல் யார் பெயரால் நாட்டப்பட்டது என்று ஒருவராவது எழுந்து நின்று கேட்டாக வேண்டும்.